முதல் நாள் கோபம்

அமெரிக்க ஆடை நிறுவனமான கேப், 2010 அக்டோபர் தொடக்கத்தில் தன் இணையதளத்தில் லோகோவை மாற்றியது. இருபது ஆண்டுகளுக்கு மேல் புழங்கிவந்த நீலச் சதுரம் போய், ஹெல்வெட்டிகா எழுத்தில் கறுப்பாகப் பெயரும் அதன் மேல்மூலையில் சின்ன நீலக் கட்டமும் வந்தன. முன்னறிவிப்பு எதுவும் இல்லை. முகநூலிலும் ட்விட்டரிலும் கண்டனம் குவிந்தது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய லோகோவே திரும்பிவிட்டது. மக்களின் வெற்றி என்று இதைச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

கோபப்பட அவர்களுக்கு உரிமை இருந்தது. லோகோவை வரைவது நிறுவனம்தான். அதற்கு மதிப்பு சேர்ப்பது அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, நம்பிக் காசு கொடுத்தவர்கள். ஏன் மாற்றுகிறோம் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எதிர்ப்பு எழுந்த பிறகு, உங்கள் வடிவமைப்புகளை அனுப்புங்கள் என்று கேப் கேட்டது இன்னும் மோசம். ஊதியமில்லாமல் உழைப்பைக் கேட்பதா என்று வடிவமைப்பாளர்கள் கொதித்தது நியாயமே.

ஆனால் அந்தப் புதிய லோகோவை ஒரு சட்டையிலோ கடைவாசலிலோ பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. திரையில் தனியாக நிற்கும் ஒரு படத்தைப் பழகிய ஒன்றோடு ஒப்பிட்டால் புதியது தோற்கத்தான் செய்யும். முதல் நாள் கோபம் எதை இழந்தோம் என்பதைத் துல்லியமாகச் சொல்லும். வந்திருப்பது நல்லதா என்று சொல்ல அதற்கு வழியில்லை.

டிராபிகானா விஷயம் வேறு. 2009 ஜனவரியில் அதன் ஆரஞ்சுச் சாறு அட்டைப்பெட்டியிலிருந்து, உறிஞ்சுகுழல் செருகிய ஆரஞ்சுப் பழம் காணாமல்போனது. பெயரும் செங்குத்தாகத் திரும்பியது. அலமாரியில் தங்கள் பெட்டி எது என்று வாங்குவோருக்கே தெரியவில்லை. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரி இறுதியில் அதன் அப்போதைய உரிமையாளரான பெப்சிகோ பழைய பெட்டிக்குத் திரும்புவதாக அறிவித்தது. இங்கே பேசியது வெறும் ரசனை அல்ல, பயன்பாட்டில் நேர்ந்த தடுமாற்றம். இதற்குப் பணிவது கோழைத்தனம் ஆகாது.

இந்த வேறுபாட்டைச் சரியாகக் கண்டுகொண்டவர்கள் என்று லண்டன் ஒலிம்பிக் அமைப்பாளர்களைச் சொல்வேன். உல்ஃப் ஆலின்ஸ் நிறுவனம் 4 லட்சம் பவுண்டுக்கு உருவாக்கிய 2012 லோகோ, 2007 ஜூனில் வெளியானதும் கடுமையாகத் தாக்கப்பட்டது. அதைக் கைவிடச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அமைப்பாளர்கள் அசையவில்லை, போட்டி முடியும்வரை அதே லோகோ நின்றது. ஆனால் அந்த இரைச்சலுக்குள் வேறொரு புகாரும் இருந்தது: விளம்பரப் படத்தில் ஒருவர் நீரில் பாயும்போது மின்னும் காட்சி, வலிப்பு நோயாளிகள் சிலருக்கு வலிப்பைத் தூண்டியது. அந்தக் காட்சியை உடனே நீக்கினார்கள். பிடிக்கவில்லை என்ற குரலையும் பாதிக்கிறது என்ற குரலையும் அவர்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்று அப்படிப் பிரித்துக் கேட்பது கடினமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவின் கிராக்கர் பேரல் உணவகம், பீப்பாயில் சாய்ந்து அமர்ந்திருந்த முதியவரை லோகோவிலிருந்து எடுத்தபோது அது கலாசாரப் போராகவே மாறியது. பங்கு விலை இறங்கியது. அதிபர் டிரம்பே பழைய லோகோவுக்குத் திரும்பச் சொன்னார். சில நாட்களில் நிறுவனம் பின்வாங்கியது. எதிர்த்தவர்களில் அங்கே வழக்கமாகச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று பிரித்தறிய, அந்தச் சில நாட்கள் போதவே போதாது.