கோடு கிழிக்கப்படாத பக்கம்

மலேசியாவின் பாலோ வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு 555 புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உள்ளங்கை அளவு நோட்டு, அட்டையில் மூன்று ஐந்துகள். மாதம் முழுவதும் அரிசி, பருப்பு, மீன் டின் என்று கடைக்காரர் அதில் எழுதிக்கொண்டே வருவார். சம்பளத்தன்று கூட்டிச் சொல்லி, பணத்தை எண்ணி வாங்கி, அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு கிழிப்பார். கடன்பட்டவர் எதிரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த முறையை நான் போற்ற வரவில்லை. விலையை வைத்தவரும் கடைக்காரர், கூட்டல் போட்டவரும் அவரே. எழுத்தறியாதவர் தட்டிக் கேட்க வழியில்லை. ஒரு பக்கத்தில் கோடு விழுந்த கையோடு மறு பக்கத்தில் பற்றுத் தொடங்கிய குடும்பங்களே மிகுதி. ஆனாலும் அதில் ஒரு கூறு குறையற்றது: கணக்கு முடிந்தது என்பதை இருவரும் ஒரே கணத்தில், ஒரே தாளில் அறிந்தார்கள். கடன் பற்று அட்டை அந்தப் புத்தகத்தின் மற்றக் குறைகளைப் பெரும்பாலும் களைந்தது. வட்டி வீதம் அச்சில் இருக்கிறது, மாதந்தோறும் கணக்கறிக்கை வருகிறது, கூட்டலில் பிழையிருந்தால் முறையிட இடமிருக்கிறது. முடிவில் இருந்த தெளிவை மட்டும் அது தொலைத்துவிட்டது. எனவே அட்டை ஒப்பந்தத்தைப் பின்னிருந்து முன்னாகப் படித்து, முடிவின் தரத்தைக் கொண்டு அதை எடைபோட விரும்புகிறேன்.

முதலில் நிறையைச் சொல்லிவிட வேண்டும். அட்டைக் கடனை நெறிப்படுத்துவதில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா காட்டிய கண்டிப்பு இப்பகுதியில் குறிப்பிடத்தக்கது. 2011 மார்ச்சில் அது வகுத்த விதிகள் இன்றும் அடித்தளம். ஆண்டு வருமானம் 24,000 ரிங்கிட்டுக்குக் குறைந்தவருக்கு அட்டை இல்லை. 36,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டவர் இரண்டு நிறுவனங்களுக்கு மேல் அட்டை வைத்திருக்க முடியாது, ஒவ்வொன்றிலும் வரம்பு மாதச் சம்பளத்தின் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. ஒழுங்காகக் கட்டுபவருக்கு 15 விழுக்காடு, ஓரளவு ஒழுங்காகக் கட்டுபவருக்கு 17, தவறுபவருக்கு 18 என்ற வட்டி அடுக்கும் உண்டு. கடனில் மூழ்கியவருக்குக் கைகொடுக்க 2006-இல் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு தொடங்கப்பட்டது. இவற்றில் ஒரு சிந்தனை ஒருமை இருக்கிறது. யாருக்குக் கடன் தாங்கும், எவ்வளவு தாங்கும், தாங்காவிட்டால் எங்கே போவது என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்ணோடு, முகவரியோடு விடை உண்டு.

நான்காவது கேள்விக்கு வரும்போதுதான் நடை தளர்கிறது. கடன் தாங்குகிறது, பாக்கியும் இல்லை, ஆனால் அட்டை வேண்டாம் என்பவர் எத்தனை நாளில் வெளியேறலாம்? மேலே சொன்ன எண்களைக் குளுவாங் பேருந்து நிலையத்தில் நிற்கும் பத்துப் பேரிடம் கேட்டால் நால்வராவது சொல்வார்கள். அட்டையை மூட எத்தனை நாள் என்று கேட்டால் ஒருவர் வாயிலும் எண் வராது. மக்கள் நாவில் வழங்காத உரிமை, நடைமுறையில் அரை உரிமைதான்.

இந்தக் குறையை மேலும் கூர்மையாக்குவது ஒன்றுண்டு. வெளியேறும் தேவையை உண்டாக்கியதே பலமுறை அரசின் கொள்கைதான். 2010 ஜனவரி முதல் முதன்மை அட்டைக்கு 50 ரிங்கிட், துணை அட்டைக்கு 25 ரிங்கிட் என ஆண்டு சேவை வரி விதிக்கப்பட்டது. தேவைக்கு மேல் அட்டை வைத்திருப்பதைக் குறைப்பதே நோக்கம். பலர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்து வந்த இரு நிறுவன வரம்பு, 36,000 ரிங்கிட்டுக்கு உட்பட்டவர்களில் மூன்று நான்கு நிறுவனங்களின் அட்டை வைத்திருந்தவர்களை இரண்டைத் தேர்ந்துகொண்டு மற்றதை முடிக்கச் சொன்னது. 2015 ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வந்தபோது அட்டை மீதான சேவை வரி போயிற்று. 2018 செப்டம்பரில் முதன்மை, துணை என்ற வேறுபாடு இல்லாமல் அட்டைக்கு 25 ரிங்கிட் என்று திரும்பி வந்தது. ஆகவே மூடுதல் என்பது ஏதோ சில சலித்த வாடிக்கையாளர்களின் தனிப்பட்ட ஆசை அன்று. கொள்கை எதிர்பார்த்த செயல் அது. போகச் சொன்ன கொள்கை, போகும் வழியையும் அதே அக்கறையோடு அமைத்திருக்க வேண்டும்.

அந்த 25 ரிங்கிட்தான் என்னையும் இதற்குள் இழுத்தது. இரண்டு ஆண்டுகளாகத் தொடாத அட்டை ஒன்று. பெயர் வேண்டாம், வங்கி பெரியது. கணக்கறிக்கையில் சேவை வரி என்று ஒற்றை வரி. மூடிவிடலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். நீண்ட காத்திருப்புக்குப் பின் வந்தவர் அடையாளம் சரிபார்த்தார், காரணம் கேட்டார், வேறொரு பிரிவுக்கு மாற்றினார். அங்கே பேசியவர் ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாகச் சொன்னார். ஆண்டுக் கட்டணம் வங்கியுடையது, சேவை வரி அரசுடையது. முன்னதை விட்டுக்கொடுத்தாலும் பின்னது அடுத்த ஆண்டும் வரும். இதை நானே எடுத்துச் சொன்ன பிறகுதான் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போனது. இரண்டாவது அழைப்பில் எழுத்து மூலம் கேட்கச் சொன்னார்கள். கடிதத்தைக் கிளையில் கொடுக்கக் குளுவாங் போனேன். அடுத்த மாதமும் கணக்கறிக்கை வந்தது. என்னிடம் இருக்கும் ஒப்பந்த விதிகளில் வங்கி அட்டையை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்ற வரி இருக்கிறது. நான் நிறுத்தச் சொன்னால் எத்தனை நாளில் நிறுத்துவார்கள் என்ற வரி இல்லை.

பேசியவர்கள் யாரும் மரியாதை குறையவில்லை, ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இதை ஊழியர் குறையாக எடுக்காமல் அமைப்பின் குறையாக எடுக்கிறேன். நல்லவர்கள் நடத்தும்போதும் ஒரு நடைமுறை இவ்வளவு இழுக்குமென்றால், இழுக்கும்படிதான் அது கட்டப்பட்டிருக்கிறது.

வங்கித் தரப்புக்கும் நியாயம் உண்டு. அட்டையில் போட்ட செலவு சில சமயம் பல நாள் கழித்தே கணக்குக்கு வந்து சேரும். காப்புறுதிச் சந்தா, தொலைக்காட்சிக் கட்டணம் போன்ற தானியங்கிப் பிடித்தங்கள் வந்துகொண்டிருக்கலாம். தவணைத் திட்டத்தில் வாங்கிய குளிர்சாதனப் பெட்டியின் பாக்கி இருக்கலாம். வேறொருவர் உங்கள் பெயரில் அழைத்து மூடச் சொல்லலாம். நான்கும் உண்மையான இடர்கள். ஆனால் அவை எதை நியாயப்படுத்துகின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இறுதிக் கணக்கைச் சில வாரம் திறந்து வைப்பதை அவை நியாயப்படுத்தும். அட்டையை முடக்கத் தாமதிப்பதையும், வரியும் கட்டணமும் ஏறவிடுவதையும் நியாயப்படுத்தா. அதே அட்டை தொலைந்துபோனதாக நள்ளிரவில் அழைத்துப் பாருங்கள். ஒரே அழைப்பில் முடக்கிவிடுவார்கள். விரைவாக நிறுத்தும் ஆற்றல் வங்கியிடம் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. தன் பணத்துக்கு ஆபத்து என்றால் நொடியில் இயங்கும் பொறி, வாடிக்கையாளர் விருப்பம் என்றால் படிவம் கேட்கிறது. எந்த நியாயத்தாலும் இந்த முரணைச் சமன்செய்ய முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க உரைகல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்ட கடன் அட்டை, பற்று அட்டை வழங்கல் நெறிமுறைகள் அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதில் மூடுதல் பற்றிய பகுதி, இத்துறையில் நான் படித்தவற்றுள் மிகச் செறிவானது. பாக்கி இல்லாத நிலையில் கோரிக்கையை 7 வேலை நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும். தவறினால், மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். உதவி எண், தனி மின்னஞ்சல், இணையதளத்தில் கண்ணில் படும் இணைப்பு, கைப்பேசிச் செயலி எனப் பல வழிகளில் கோரிக்கையை ஏற்க வேண்டும். அஞ்சலில்தான் அனுப்ப வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது. மூடியதை உடனே மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவிக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் பயன்படாத அட்டை என்றால் வங்கியே அறிவிப்பு அனுப்ப வேண்டும். 30 நாளில் மறுமொழி வராவிட்டால், பாக்கி இல்லாத கணக்கை மூடிவிட வேண்டும். கணக்கில் வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய தொகை இருந்தால் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும்.

இதன் சிறப்பு அதன் தாராளத்தில் இல்லை, கட்டமைப்பில் இருக்கிறது. காலம், வழி, அறிவிப்பு, தண்டம் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்குகின்றன. காலத்தை மட்டும் சொல்லித் தண்டத்தை விட்டிருந்தால் அது வேண்டுகோளாகவே நின்றிருக்கும். தண்டத்தைச் சொல்லி வழியை விட்டிருந்தால், கோரிக்கையே வரவில்லை என்று தப்ப இடம் கிடைத்திருக்கும். பயன்படாத அட்டை பற்றிய விதிக்குத் தனிப் பாராட்டு வேண்டும். மறதியை வருமானமாக்கும் வழக்கத்தை அது வேரிலேயே வெட்டுகிறது. என் அட்டைக்கு அந்த விதி பொருந்தியிருந்தால் நான் குளுவாங் போயிருக்க வேண்டியதே இல்லை.

குறையும் உண்டு. பாக்கி இல்லாத நிலையில் என்ற சிறு தொடர் மொத்தப் பகுதியின் கீலாக இருக்கிறது. பாக்கி எவ்வளவு என்று சொல்பவர் யார்? வங்கி. கோரிக்கைக்குப் பிறகு ஏறிய சிறு கட்டணத்தைக் காட்டியும் ஏழு நாள் கணக்கைத் தொடங்கவிடாமல் வைக்க முடியும். கோரிக்கை வந்த நாளிலேயே இறுதித் தொகையை எழுத்தில் தர வேண்டும், அதன் பின் எதுவும் ஏறக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்தப் பகுதி முழுமை பெற்றிருக்கும்.

இந்த நுணுக்கம் ஏட்டளவினதன்று. நம் கணக்கிலேயே பார்க்கலாம். ஒருவர் 3,000 ரிங்கிட் பாக்கியை மாதம் மாதம் சுமந்து வந்து, ஒருநாள் கணக்கறிக்கை காட்டிய முழுத் தொகையையும் கட்டிவிட்டு மூடச் சொல்கிறார். அறிக்கை தேதியிலிருந்து அவர் கட்டிய நாள்வரை 20 நாள். 18 விழுக்காட்டில் அந்த 20 நாளுக்கு ஏறத்தாழ 29 ரிங்கிட் 60 சென் வட்டி பிறந்திருக்கும். அவர் கையிலிருந்த அறிக்கையில் அது இல்லை, அடுத்ததில்தான் வரும். முடித்துவிட்டோம் என்று நம்பியவர் அந்த அடுத்த அறிக்கையைத் திறப்பதில்லை. கட்டத் தவறினால் தாமதக் கட்டணம் குறைந்தது 10 ரிங்கிட். என்னுடைய 25 ரிங்கிட் வரியைக் கவனிக்காமல் விட்டிருந்தாலும் இதே கதைதான். ஆண்டு வட்டி நாலரை ரிங்கிட்டைத் தாண்டாத ஒரு தொகைக்கு, மூன்று மாதத் தாமதக் கட்டணமே முதலை விஞ்சிவிடும். அதோடு பேங்க் நெகாராவின் கடன் வரலாற்றுப் பதிவான சிசிரிஸில் நிலுவை மாதங்கள் ஏறும். வீட்டுக் கடனுக்கோ மோட்டார் சைக்கிள் கடனுக்கோ விண்ணப்பிக்கும் நாளில் அந்த எண்கள் முன்னால் வந்து நிற்கும். கடைக்காரரின் புத்தகத்தில் கோடு விழுந்த பிறகு வட்டி பிறந்ததில்லை.

முறையீட்டு அமைப்பையும் இதே அளவுகோலில் வைக்கலாம். 2016 முதல் நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் அமைப்பு இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அது மூலதனச் சந்தைக்கான அமைப்போடு இணைந்து, நிதிச் சந்தைகளுக்கான ஒரே குறைதீர்ப்பு அமைப்பாக இயங்குகிறது. கட்டணம் இல்லை, வரம்பு விரிவு. பெரிய வழக்குக்கு இது அரண்தான். ஆயினும் முதலில் வங்கியிடம் முறையிட்டு, அதன் முடிவைப் பெற்று, அதன் பிறகே இங்கு வர வேண்டும். மூடாத அட்டையால் இழப்பு 25, 35, 60 ரிங்கிட். இந்தத் தொகைக்கு அவ்வளவு படியேறுபவர் யார்? சிறு தொகைகளில் நிகழும் அநீதிக்கு வழக்குமன்றம் தீர்வாகாது. விதியே தானாக இயங்க வேண்டும். நாளொன்றுக்கு 500 ரூபாய் என்ற இந்திய வரி அதை உணர்ந்து எழுதப்பட்டது.

அட்டை வரலாறு அறிந்தவர்களுக்கு 1958-இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோவில் கேளாமலே 60,000 பேருக்கு அட்டை அனுப்பப்பட்டது நினைவிருக்கும். கேளாமல் திணிப்பதை நாடுகள் ஒவ்வொன்றாகத் தடுத்தன. நம் 2013 நிதிச் சேவைச் சட்டமும், கேட்காத நிதிச் சேவைக்குப் பணம் கேட்பதைத் தடை செய்யப்பட்ட நடத்தையாக அதன் ஏழாவது அட்டவணையில் வைத்திருக்கிறது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடரும் அட்டை, கேளாமல் வந்த அட்டையிலிருந்து எந்த வகையில் வேறு? சட்டத்தின் சொற்களுக்குள் அது அடங்குமா என்பது வழக்கறிஞர்கள் சொல்ல வேண்டியது. சட்டத்தின் கருத்துக்குள் அடங்குகிறது என்று வாசகனாக நான் சொல்வேன்.

என் தீர்ப்பு இது. அட்டைக் கடனைக் கொடுப்பதிலும் கட்டுக்குள் வைப்பதிலும் நம் முறை உயர்ந்த தரத்தில் இருக்கிறது. முடிப்பதில் அது தன் தரத்துக்கே ஈடுகொடுக்கவில்லை. இந்திய நெறிமுறை ஒரு தொடரில் இடறினாலும் வடிவத்தில் நம்முடையதை விஞ்சி நிற்கிறது. அதை அப்படியே எடுத்தாள வேண்டியதில்லை. நாள் கணக்கு, கோரிக்கை நாளில் உறையும் இறுதித் தொகை, தவறினால் தானாகச் சேரும் தண்டம், ஓராண்டு தூங்கிய அட்டைக்கு வங்கியே அனுப்பும் அறிவிப்பு ஆகிய நான்கையும் எண்ணோடு எழுதிவைக்கும்படி பேங்க் நெகாராவை வேண்டுகிறேன்.

அதுவரை, மூடச் சொன்னவர்கள் மூடியதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். தானியங்கிப் பிடித்தங்களை முன்கூட்டியே வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மூடிய பிறகும் இரண்டு மாதம் கணக்கறிக்கையைத் திறந்து பாருங்கள், பிறகு சிசிரிஸ் அறிக்கையில் அந்த அட்டை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியதற்கான கடிதம் என் கைக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று.