வளைய வித்தைக்கு எந்த வளையம் வாங்கலாம்?

மேடை மேஜிக் கற்க வருகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கும் முதல் சில பொருட்களில் சீன வளையங்களும் உண்டு. தனித்தனியாக இருக்கும் உலோக வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன, சங்கிலியாகத் தொங்குகின்றன, லேசாகத் தேய்த்தால் பிரிந்துவிடுகின்றன. பேச்சே தேவையில்லாத வித்தை இது. பள்ளி ஆண்டுவிழாவில் செய்தாலும் வெளிநாட்டவர் நிறைந்த ஓட்டல் அரங்கில் செய்தாலும் ஒரே மாதிரி எடுபடும்.

ஆனால் வாங்கப் போனால் குழப்பம்தான். சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் ரூபாய் வரை வளையத் தொகுப்புகள் கிடைக்கின்றன. படத்தில் பார்த்தால் எல்லாமே ஒன்றுபோல மின்னுகின்றன. அதனால் மூன்று விதமான தொகுப்புகளை வாங்கி, அளந்து, எடைபோட்டு, மேடையில் வைத்துச் செய்தும் பார்த்தேன். எது உழைக்கும், எது ஏமாற்றும் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது.

வளையங்கள் எப்படி இணைகின்றன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அது குருவுக்கும் சீடருக்கும் உரிய விஷயம். பொருளின் தரத்தைப் பற்றிப் பேச அந்த ரகசியம் தேவையும் இல்லை.

பழைய வித்தை, இன்றும் மாறாத இலக்கணம்

சீனக் கலைஞர்களிடமிருந்து இதைக் கற்று ஐரோப்பிய மேடைகளில் பரவச் செய்தவர்களில் பிரான்சைச் சேர்ந்த பிலிப் முக்கியமானவர். அது 19ஆம் நூற்றாண்டின் முற்பாதி. அந்த நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கா சென்று பெரும் புகழ் பெற்ற சீனக் கலைஞர் சிங் லிங் ஃபூவின் நிகழ்ச்சிகளிலும் வளையங்கள் இருந்தன. எட்டு வளையங்கள் கொண்ட தொகுப்புதான் நெடுங்காலமாக வழக்கம். கனடாவில் பிறந்த டாய் வெர்னன் ஆறே வளையங்களில் அமைத்த செய்முறை 1958இல் நூலாக வந்தது. இன்று நான்கு, மூன்று வளையங்களோடு நிறுத்திக்கொள்பவர்களும் நிறைய.

வளையங்களின் எண்ணிக்கை குறையக் குறைய, ஒவ்வொரு வளையத்தின் மேலும் விழும் பார்வை கூடுகிறது. எட்டில் ஒன்று சுமாராக இருந்தால் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளும். மூன்றில் ஒன்று சுமாராக இருந்தால் உடனே கண்ணில் படும். எனவே குறைந்த வளையங்களோடு செய்ய நினைப்பவர்தான் தரத்தில் அதிகக் கறாராக இருக்க வேண்டும்.

ஒப்பிட்ட மூன்று தொகுப்புகள்

முதலாவது, 10 அங்குல விட்டமுள்ள, குரோம் முலாம் பூசிய இரும்புக் குழாய் வளையங்கள். உள்ளே வெற்றிடம். மூன்றிலும் மலிவு இதுதான்.

இரண்டாவது, அதே 10 அங்குலத்தில் 8 மி.மீ. கனமுள்ள கெட்டி எவர்சில்வர் கம்பி வளையங்கள்.

மூன்றாவது, அதே 8 மி.மீ. கெட்டி எவர்சில்வர்தான், விட்டம் மட்டும் 12 அங்குலம்.

அளவும் எடையும்

பெரிய மேடைக்குப் பெரிய வளையம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. 300 பேர் அமரும் மண்டபத்தில் 12 அங்குல வளையம் கடைசி வரிசைவரை நன்றாகத் தெரிகிறது. ஆனால் செய்பவரின் உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஐந்து வளையங்களைச் சங்கிலியாகத் தொங்கவிட்டால், 12 அங்குல வளையங்கள் ஏறத்தாழ 146 செ.மீ. நீளத்துக்கு இறங்கும். நடுத்தர உயரமுள்ளவர் மார்பு மட்டத்தில் பிடித்தால் கடைசி வளையம் தரையைத் தொட்டுவிடும். 10 அங்குலத்தில் அதே சங்கிலி சுமார் 120 செ.மீ.தான் வரும். கையைத் தளர்வாக வைத்துக்கொண்டே காட்டலாம்.

எடையில் வித்தியாசம் இன்னும் பெரிது. குழாய் வளையம் ஒன்று 135 கிராம் அளவில் இருந்தது. கெட்டி 10 அங்குல வளையம் சுமார் 300 கிராம், 12 அங்குலம் சுமார் 370 கிராம். எட்டையும் சேர்த்தால் முறையே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 2.4 கிலோ, 3 கிலோ. நிகழ்ச்சி நெடுகிலும் இடது முன்கையில் மாட்டியிருக்கும் சுமை இது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு 3 கிலோ நிச்சயம் அதிகம். அதே நேரம் எடை மிகக் குறைந்தாலும் கெடுதல்தான். குழாய் வளையங்களைப் பார்வையாளரிடம் கொடுத்தபோது, கை பட்டதுமே அவர் முகத்தில் ‘பொம்மைச் சாமான்’ என்ற எண்ணம் தெரிந்தது. கெட்டி வளையத்தைக் கொடுத்தால் அவரே அதை இழுத்துப் பார்க்கிறார், முறுக்கிப் பார்க்கிறார், பிறகு பக்கத்து இருக்கைக்காரரிடம் நீட்டுகிறார். வித்தைக்கான நம்பிக்கை அந்த இடத்தில்தான் பிறக்கிறது.

கனம் 6 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கல்யாண வரவேற்புகளில் மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வைக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் மெல்லிய கம்பி கண்ணுக்கே தெரியாது. கையில் பிடிக்கவும் தூரத்தில் தெரியவும் 8 மி.மீ. சரியாக இருக்கிறது.

மூட்டைப் பாருங்கள்

கம்பியை வளைத்து, இரு முனைகளையும் சேர்த்து வெல்டிங் வைத்துத்தான் வளையம் செய்கிறார்கள். தரம் எல்லாம் அந்த ஒரு மூட்டில் இருக்கிறது. அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கொஞ்சம் பஞ்சை எடுத்து வளையத்தின் மேல் சுற்றிப் பிடித்து, ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். மூட்டு சரியாகத் தேய்க்கப்படாமல் இருந்தால் பஞ்சின் இழை அங்கே சிக்கி நிற்கும். முதல் தொகுப்பில் பாதிக்கு மேற்பட்ட வளையங்களில் இழை சிக்கியது. இரண்டாவதில் ஒரே ஒரு வளையம். மூன்றாவதில் எதிலும் இல்லை. மூன்றாவதில் மூட்டு எங்கே என்று கண்டுபிடிக்க விளக்குக்கு நேரே திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து, வளையம் உண்மையிலேயே வட்டமா, தட்டையா என்று பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பலகைமேல் வைத்து விளிம்பை விரலால் அழுத்துங்கள். ஆடினால் முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். வெர்னியர் காலிப்பர் இருந்தால் கம்பியின் கனத்தையும் அளக்கலாம்; வளையத்தின் விட்டத்தை அளவு நாடாவால் நான்கு திசைகளிலும் அளக்கலாம். குழாய் வளையங்களில் விட்டம் திசைக்குத் திசை 3 மி.மீ. வரை மாறியது. ஒரு வளையத்தை இன்னொன்றின்மேல் வைத்துச் சுழற்றும் அசைவுகளில் அந்தக் கோணல் பளிச்சென்று தெரிகிறது.

ஓசை பாதி வித்தை

வளையங்கள் மோதும் ஓசையைக் கேட்டுத்தான் பின்வரிசைக்காரர் அவை உலோகம் என்று நம்புகிறார். ஒவ்வொரு வளையத்தையும் நூலில் தொங்கவிட்டு இன்னொன்றால் மெல்லத் தட்டினேன். கெட்டி எவர்சில்வர் வளையங்கள் கோயில் மணிபோல நீண்டு ஒலித்தன. குழாய் வளையங்களில் சில சட்டென்று அடங்கிப்போயின. இரண்டில் கரகரப்பு கேட்டது. முழுமையாகப் பிடிக்காத வெல்டிங் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும்.

ஓசை இனிமையாக இருந்தால் மட்டும் போதாது. தொகுப்பில் உள்ள எல்லா வளையமும் ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். நிறமும் பளபளப்பும் எடையும் அதேபோல ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறுபட்டால் பார்வையாளரின் கண்ணும் காதும் அதையே பின்தொடரும். அப்புறம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அவர் மனம் சமாதானமாகாது.

முலாமா, எவர்சில்வரா

புதிதில் குரோம் முலாம்தான் அதிகம் மின்னும். வியர்வைக் கையும் கடலோர ஊரின் உப்புக் காற்றும் சேர்ந்தால் புள்ளி புள்ளியாகத் துரு கிளம்பும். மூட்டு இருக்கும் இடத்தில்தான் முலாம் முதலில் உரிகிறது. அந்தத் தழும்பு மூட்டைச் சுட்டிக்காட்டி நிற்கும். வளையம் ஒன்றோடொன்று உரசுவதே தொழில் என்பதால், முலாம் பூசியது நெடுநாள் தாங்க வாய்ப்பில்லை.

எவர்சில்வர் என்று சொல்லி விற்பதைக் காந்தம் வைத்துப் பாருங்கள். முலாம் பூசிய இரும்பு காந்தத்தைப் பலமாக இழுக்கும். 304 ரக எவர்சில்வர் வளைத்த பிறகு லேசாக மட்டும் ஒட்டலாம். அதற்காக அதைத் தள்ளிவிட வேண்டாம்.

கண்ணாடிப் பளபளப்பைவிட, சற்று மங்கலான பாலிஷ் மேடைக்கு நல்லது என்பது என் அனுபவம். மூன்றாவது தொகுப்பில் எனக்கிருந்த ஒரே குறை இந்த அதிகப்படியான பளபளப்புதான். நேரடி விளக்கில் கண் கூசி வளையத்தின் உருவமே கலைந்துவிடுகிறது. கறுப்பு உடை போட்டால் ஓரளவு சரியாகிறது.

பட்டறையில் செய்துகொள்ளலாமா

படிக்கட்டுக் கைப்பிடி, ஜன்னல் கிரில் செய்யும் எவர்சில்வர் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. தொலைந்த தனி வளையங்களுக்கு மாற்று செய்ய அவர்களை நம்பலாம். 10 அங்குல வளையம் ஒன்றுக்கு சுமார் 77 செ.மீ. கம்பி பிடிக்கும். ஒவ்வொன்றாக வளைக்கச் சொல்லாதீர்கள். அப்படி வளைத்தால் இரு முனைகளும் கொஞ்ச தூரம் நேராகவே நின்றுவிடும், வட்டம் கெடும். நீளமான கம்பியை ஸ்பிரிங் மாதிரி பல சுற்று உருட்டி, பிறகு குறுக்கே வெட்டி எடுத்தால் நடுவில் உள்ள சுற்றுகள் எல்லாம் சீரான வட்டமாகக் கிடைக்கும். ஆர்கன் வெல்டிங் வைத்து, அரைத்து, பஃபிங் போடச் சொல்லுங்கள். முழுத் தொகுப்பையும் பட்டறையில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த வித்தையை அறிந்து தயாரிப்பவரின் கைப்பக்குவம் தேவைப்படும் இடங்கள் அதில் உண்டு.

யாருக்கு எது

வீட்டில் கண்ணாடி முன் பழகத் தொடங்குபவருக்குக் குழாய் வளையம் போதும் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலேசான வளையத்தில் பழகிய கை, கெட்டி வளையத்துக்கு மாறும்போது எல்லா அசைவையும் மறுபடி கற்க வேண்டியிருக்கிறது. பணம் குறைவாக இருந்தால், மலிவான எட்டு வளையங்களுக்குப் பதில் தரமான நான்கு வளையங்களை வாங்குங்கள்.

பள்ளி, கல்லூரி, கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்துக்கும் போகிறவர்களுக்கு 10 அங்குல, 8 மி.மீ. கெட்டி எவர்சில்வர்தான் என் தேர்வு. நல்ல உயரமும் பெரிய அரங்கமும் உள்ளவர்கள் 12 அங்குலத்துக்குப் போகலாம். எது வாங்கினாலும் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் உலர்ந்த துணியால் துடைத்து, வளையங்களுக்கு இடையே துணி வைத்துப் பையில் போடுங்கள்.

கடைக்காரர் வழக்கமாக வித்தை செய்யும் அமைப்பைத்தான் முதலில் காட்டுவார். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தந்திரமும் இல்லாத வெறும் வளையத்தை முதலில் கேட்டு வாங்கி, பஞ்சு ஓட்டி, தட்டி, கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள். பார்வையாளர் கைக்குப் போகப்போவது அதுதான். சாதாரண வளையத்தில் அக்கறை காட்டிய தயாரிப்பாளர் மற்றதிலும் குறை வைத்திருக்க மாட்டார்.