'மிஸ் கமலா'வின் டைரக்டர்

சென்னை விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரல் வந்துவிடலாம். அங்கிருந்து நீளும் வால்டாக்ஸ் ரோட்டில்தான் 1931 அக்டோபரில் 'காளிதாஸ்' படப்பெட்டி ஊர்வலம் போனது. தேங்காய் உடைத்து, பூத்தூவி, கினிமா சென்ட்ரல் கொட்டகைவரை ஜனம் கூடவே நடந்ததாகச் சொல்வார்கள். முதல் தமிழ் டாக்கி, நாயகி டி.பி. ராஜலட்சுமி. சினிமா வரலாறு எழுதுகிறவர்களில் பலர் அவரை இந்த ஊர்வலத்தோடு விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து அவர் செய்த காரியம் இதைவிடப் பெரிது என்பது என் கட்சி.

திருவையாற்றுக்காரர். சிறுவயதிலேயே கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, அது முறிந்து, நாடகக் கம்பெனிக்கு வந்தவர். மேடையிலிருந்து மௌனப்படம், அங்கிருந்து டாக்கி. 1936இல் 'மிஸ் கமலா': தாம் எழுதிய 'கமலவல்லி' நாவலையே திரைக்கதையாக்கி, சொந்தத் தயாரிப்பில் டைரக்ட் செய்து, நாயகியாகவும் நடித்தார். மற்றவர்கள் வள்ளி கல்யாணத்தையும் நளன் கதையையும் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தபோது இவர் கையில் எடுத்தது சமூகக் கதை. அடுத்து 'மதுரை வீரன்' படத்தையும் இயக்கினார். இந்தியாவில் இவருக்கு முன்னோடி பாத்மா பேகம். 1926இலேயே படம் இயக்கியவர். தெற்கே இவர்தான் முதல்.

ஹாலிவுட்டில் லோயிஸ் வெபரும் இப்படித்தான் கதை எழுதி, நடித்து, இயக்கினார். 1916இல் யுனிவர்சல் கம்பெனியின் முன்னணி இயக்குநர்களில் ஒருவர். 1939இல் செத்தபோது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். ஆனால் அவருடைய 'ஷூஸ்' படத்தை நெதர்லாந்து ஆவணக் காப்பகம் சீர்செய்து மீட்டுவிட்டது. இன்று அவரைப் பற்றி ஆய்வு செய்கிறவர் படத்தைப் போட்டுப் பார்த்து, காட்சியை இப்படி வெட்டியிருக்கிறார், கேமராவை இங்கே வைத்திருக்கிறார் என்று வாதாடலாம்.

'மிஸ் கமலா'வுக்கு அந்த வழி இல்லை; பிரதி கிடைக்கவில்லை. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் பொசுக்கென்று பற்றிக்கொள்ளும் சரக்கு (தீப்பெட்டிக் கம்பெனி பெயரைச் சுமக்கும் விம்கோ நகர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்). எரியாமல் தப்பிய ரீல்களையும் வெள்ளிக்காகக் கரைத்தார்கள். அதனால் ராஜலட்சுமியைப் பற்றிய எழுத்தெல்லாம் 'முதல்' என்ற பட்டத்தைச் சுற்றியே நிற்கிறது. எப்படிப்பட்ட டைரக்டர் என்ற கேள்விக்கு யாரும் போவதில்லை.

போக வழி இருக்கிறது. அன்றைய படங்களுக்கு மலிவு விலையில் பாட்டுப் புத்தகம் போடுவார்கள். நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், அதன்பின் பாட்டுகள். கதைச் சுருக்கம் பல சமயம், மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று பாதியில் நின்றுவிடும். ஆய்வாளருக்கு அது எரிச்சல்தான். ஆனாலும் எங்கே பாட்டு வைத்தார்கள், யார் வாயில் வைத்தார்கள் என்பது தெரியும். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் இப்படிப்பட்ட புத்தகங்கள் சேகரிக்கப்பட்டிருக்கின்றன. ராஜலட்சுமியின் எழுத்தையும் அவர் காலத்துப் பாட்டுப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் செய்ய வேண்டிய வேலை.

ராஜலட்சுமிக்குப் பின் நடிகை பி. பானுமதி 'சண்டிராணி'யை இயக்க 1953 ஆயிற்று. 'மிஸ் கமலா'விலிருந்து பதினேழு வருஷம். ஸ்டூடியோக்கள் பெருத்து, முதலாளிகள் கைக்குத் தொழில் போனபின், தானே எழுதித் தானே எடுக்கும் நடிகைக்கு இடம் சுருங்கியது என்றே நினைக்கிறேன். பானுமதிக்குக்கூடச் சொந்த ஸ்டூடியோ இருந்ததால்தான் முடிந்தது.