அவ்வை ஆன ஆணும் கிழவி ஆன பெண்ணும்

காந்திபுரத்தில் ஈரோடு பேருந்து ஏறி, அங்கிருந்து கரூர் பாதையில் போனால் கொடுமுடி. 1908இல் கே.பி. சுந்தராம்பாள் பிறந்த ஊர். கோவையில் கொட்டகைக் காலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வரும் பெயர் 1914இல் வெரைட்டி ஹால் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட். அந்தக் கொட்டகையின் பெயரில் இன்றும் டவுன்ஹால் பக்கம் ஒரு சாலை இருக்கிறது. கட்டியவரை நகரம் மறக்கவில்லை, நல்லது. மேடையில் நின்று பாடிய பெண்ணை எப்படி நினைவில் வைத்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

பாய்ஸ் கம்பெனிகளில் வள்ளியும் பவளக்கொடியும் பையன்கள்தாம். வீட்டுப் பெண் மேடை ஏறக் கூடாது. ஏறியவளை வீட்டுப் பெண்ணாக மதிக்கவும் மாட்டார்கள். அந்தக் காலத்தில்தான் சுந்தராம்பாள் சிறுமியாக மேடைக்கு வந்தார். ஆண் வேடமும் கட்டினார். 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவர்தான் நந்தனார். சம்பளம் லட்ச ரூபாய்.

1942இல் டி.கே.எஸ். சகோதரர்களின் ‘ஔவையார்’ நாடகத்தில் டி.கே. சண்முகம் கிழவி வேடம் போட்டார். அருமையான நடிப்பு என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வேடமே அவருக்குப் பட்டமாகி, ‘அவ்வை’ சண்முகம் ஆனார். சென்னையில் அவர் பெயரில் சாலையும் உண்டு. 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்தில் அதே பாத்திரம் சுந்தராம்பாளுக்கு வந்தது. சண்முகம் ஒப்பனையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். சுந்தராம்பாளின் வெள்ளைப் புடவை ஒப்பனை அல்ல.

1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது இவருக்கு வயது 25. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தார். கடைசியில் இவரைப் பிரிந்தும் இருந்தார். அப்படியிருந்தும் வெள்ளை உடுத்தி, இனி ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கற்பின் சிகரம் என்று இதைப் புகழ்கிறவர்களோடு எனக்கு ஒட்டவில்லை. ஔவை கதையை நினைத்துப் பாருங்கள்: கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிய பெண். சுந்தராம்பாளும் அந்த வரத்தைத்தான் வாங்கினார் என்று படுகிறது. ஜோடி தேடாத பக்தை, பாட்டி வேடங்கள், சொந்தச் சம்பாத்தியம், பிறகு சட்ட மேலவை உறுப்பினர் பதவி. எவரும் வாய் திறந்து ஏசவில்லை.

ஆனால் 25 வயதில் கிழவியாகிவிட வேண்டியிருந்தது. சண்முகத்திடம் யாரும் அந்த விலையைக் கேட்கவில்லை.