நூலக அறையில் ஒரு பிணம்: ஆங்கில மாளிகைக் கொலைக் கதையும் அதன் சிரிப்பும்

ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பழைய மாளிகை, வார இறுதி விருந்துக்கு வந்திறங்கிய ஏழெட்டுப் பேர், காலையில் நூலக அறையைத் திறந்தால் ஒரு பிணம். ஆங்கிலத் துப்பறியும் கதை இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காலம் தள்ளிவருகிறது. இந்த வகையைக் கேலி செய்யும் படைப்புகள் வகை முதிர்ந்து சலித்த பிறகு முளைத்தவை என்று பலரும் எண்ணுகிறார்கள். வெளிவந்த வரிசைப்படி படித்துப் பார்த்தால் கேலி தொடக்கத்திலிருந்தே உடன் வந்திருப்பது தெரியும். காலத்துக்கேற்ப மாறியது, எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதுதான்.

மாளிகை கதைக்கு ஏற்ற களமானதற்கு நடைமுறைக் காரணங்கள் உண்டு. சுற்றிலும் தோட்டமும் வயலும். பனி கொட்டிப் பாதை அடைபட்டால் உள்ளே இருப்பவர்களில் ஒருவர்தான் கொலையாளி. விருந்தினர் அனைவருக்கும் வீட்டுக்காரரோடு ஏதோ ஒரு கணக்கு இருக்கும்: கடன், காதல், உயில். யார் எப்போது எங்கே இருந்தார் என்பதைச் சொல்லப் பணியாட்கள் இருக்கிறார்கள். உணவு மணி அடிக்கும் நேரம்கூடச் சாட்சியமாகும். சிரிப்பும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. மாடியில் பிணம் கிடந்தாலும் கீழே நாலு மணித் தேநீர் தவறக் கூடாது. மரியாதை குறையாமல் ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டும். துக்கத்தை வெளியே காட்டிக்கொள்வதையே அநாகரிகமாகக் கருதும் ஒரு வர்க்கத்தின் நடுவே கொலை விழுந்தால், கொலையைவிட அந்த நடத்தைதான் வேடிக்கையாகிறது.

இத்தனைக்கும் பின்னால் நிற்கும் உண்மை நிகழ்ச்சியில் வேடிக்கை ஏதுமில்லை. 1860இல் வில்ட்ஷயர் பகுதியில் ரோட் ஹில் ஹவுஸ் என்ற வீட்டில் மூன்று வயதுச் சிறுவன் சாவில் கென்ட் கொல்லப்பட்டான். கொன்றவர் வீட்டுக்குள்ளேயே இருந்தவர் என்பது வெளிப்படை. லண்டனிலிருந்து வந்த காவல் அதிகாரி ஜொனதன் விச்சர், காணாமல்போன ஓர் இரவு உடையைத் துப்பாகக் கொண்டு, சிறுவனின் மூத்தாள் வழி அக்காளான 16 வயதுக் கான்ஸ்டன்ஸைச் சந்தேகித்தார். தொழிலாளர் வர்க்கத்து ஆள் ஒருவர் கௌரவமான குடும்பத்துப் பெண்ணைக் குற்றம் சாட்டுவதா என்று நாடே கொதித்தது. விச்சரின் பெயர் கெட்டது. 1865இல் கான்ஸ்டன்ஸ் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய 'மூன்ஸ்டோன்' இந்த வழக்கின் கறைபட்ட உடையையும் அவமானப்பட்ட அதிகாரியையும் எடுத்துக்கொண்டது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஓர் ஆங்கில அதிகாரி அபகரித்த வைரம், யார்க்‌ஷயர் மாளிகை ஒன்றிலிருந்து காணாமல் போகிறது. கதையின் நீண்ட முதல் பகுதியைச் சொல்பவர் அந்த வீட்டின் முதிய காரியஸ்தர் பெட்டரெட்ஜ். எந்தச் சிக்கல் வந்தாலும் 'ராபின்சன் குரூசோ' நாவலைப் புரட்டிக் குறி பார்ப்பவர் அவர். துப்பறிய வரும் சார்ஜென்ட் கஃப், ரோஜா வளர்ப்பு குறித்துத் தோட்டக்காரரோடு ஓயாமல் வாதிடுகிறார். விசாரணை ஒரு பக்கம், ரோஜாச் சண்டை ஒரு பக்கம். மாளிகை மர்மம் நாவல் வடிவம் எடுத்த அந்தத் தொடக்க நாளிலேயே சிரிப்பும் இடம் பிடித்துவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் அது இன்னும் தெளிவாகிறது. ஈ. சி. பென்ட்லி 1913இல் எழுதிய 'ட்ரென்ட்ஸ் லாஸ்ட் கேஸ்', தவறே செய்யாத துப்பறிவாளரைக் கிண்டல் செய்யும் நோக்கத்தோடு பிறந்தது. அதன் நாயகன் இறந்தவரின் மனைவி மீதே காதல் கொள்கிறான், துப்புகளை அழகாகக் கோத்து ஒரு விடை சொல்கிறான், விடை தவறு. அகதா கிறிஸ்டியின் முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' 1920இல்தான் வருகிறது. அதாவது, துப்பறியும் கதையின் பொற்காலம் எனப்படுவது தொடங்கும் முன்பே அதன் கேலி அச்சாகிவிட்டது. 'பஞ்ச்' இதழின் நகைச்சுவை எழுத்தாளர் ஏ. ஏ. மில்ன் 1922இல் 'தி ரெட் ஹவுஸ் மிஸ்டரி' எழுதினார். கரடிக்குட்டி வின்னி த பூ பிறக்க இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பொழுதுபோகாத இரண்டு இளைஞர்கள் ஷெர்லக் ஹோம்ஸ், வாட்சன் போலப் பாவனை செய்துகொண்டே கொலையைத் துப்பறியும் கதை அது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த நாவலைப் பிரித்து மேய்ந்தார்: உண்மையான மரண விசாரணை ஒன்று நடந்திருந்தால் கதையே நின்றிருக்காது என்பது அவர் வாதம். வாதம் சரிதான். ஆனால் இரண்டு பையன்களின் விளையாட்டை நீதிமன்றச் சட்டத்தால் அளப்பது கொஞ்சம் கொடுமை.

அதே 'பஞ்ச்' இதழில் எழுதிப் பழகிய ஆன்டனி பெர்க்லி, 1925இல் 'தி லேட்டன் கோர்ட் மிஸ்டரி' மூலம் ரோஜர் ஷெரிங்கமை அறிமுகப்படுத்தினார்: வாயாடி, கர்வி, தவறான முடிவுகளை முழு நம்பிக்கையோடு அறிவிப்பவர். பின்னர் 1930இல் துப்பறியும் கதை எழுத்தாளர்களின் சங்கமான டிடெக்‌ஷன் கிளப் உருவாக முன்னின்றவரும் பெர்க்லிதான்; அதன் முதல் தலைவர் ஜி. கே. செஸ்டர்டன். உறுப்பினர்கள் மண்டையோட்டின் முன் உறுதிமொழி எடுக்கும் சடங்கு பாதி விளையாட்டு, பாதி நிஜம். ரோமன் கத்தோலிக்கக் குரு ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வெளியிட்ட பத்து விதிகளும் இதே குரலில் அமைந்தவை. ஒரு மாளிகைக்கு ஒரு ரகசிய வழிக்கு மேல் கூடாது, முன்கூட்டிச் சொல்லாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் சொல்லும் அந்தப் பட்டியலைப் பிற்காலத்தார் சட்டப் புத்தகமாக எடுத்துக்கொண்டது நாக்ஸுக்கே சிரிப்பூட்டியிருக்கும். பணியாளைக் கொலையாளி ஆக்கக் கூடாது என்று 1928இல் விதித்தவர் அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைன். அதற்கான காரணத்தில் வர்க்க வாடை அடிக்கிறது: குற்றவாளி மதிப்புள்ள, எளிதில் சந்தேகத்துக்கு உள்ளாகாத ஆளாக இருக்க வேண்டுமாம்.

கிறிஸ்டி இந்தப் பழக்கங்களை உள்ளிருந்தே நகையாடினார். 1942இல் வந்த 'தி பாடி இன் தி லைப்ரரி'யில் காசிங்டன் ஹாலின் நூலக அறையில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பிணம் கிடக்கிறது. வீட்டுக்காரர் கர்னல் பான்ட்ரி அதை நம்ப மறுக்கிறார். இதெல்லாம் கதையில்தானே நடக்கும்! அந்த நாவலில் வரும் சிறுவனிடம் கிறிஸ்டியின் கையெழுத்தே இருக்கிறது. இருபது ஆண்டு கழித்து 1962இல் எழுதிய நாவலில் இதே காசிங்டன் ஹால் ஒரு திரைப்பட நடிகையிடம் விற்கப்பட்டுவிட்டது. கர்னலின் மனைவி, கணவர் இறந்தபின், தோட்ட வாசலில் உள்ள சிறு வீட்டில் குடியிருக்கிறார். மரண வரியும் போரும் பெரிய மாளிகைகளைத் தின்றுகொண்டிருந்த காலத்தின் வரலாறு இந்த இரு நாவல்களுக்கு இடையே ஒளிந்திருக்கிறது. சிரில் ஹேர் 1951இல் எழுதிய 'ஆன் இங்கிலிஷ் மர்டர்' இதை நேரடியாகவே தொடுகிறது: பனியால் துண்டிக்கப்பட்ட வார்பெக் ஹாலில், ஆங்கிலேயரின் வினோத வழக்கங்களை வெளியிலிருந்து கவனித்துப் புதிரை அவிழ்ப்பவர் ஓர் அகதி வரலாற்றறிஞர். ஜார்ஜெட் ஹேயரின் மர்ம நாவல்களில் புதிர் சுமார்தான்; குடும்பத்தார் ஒருவரையொருவர் குத்திப் பேசும் உரையாடலுக்காகவே அவை இன்றும் படிக்கப்படுகின்றன.

மேடையில் இந்த வகை வேறு வழியில் வளர்ந்தது. ஜான் வில்லர்டின் 'தி கேட் அண்ட் தி கேனரி' 1922இலேயே பயத்தையும் சிரிப்பையும் கலந்து நியூயார்க்கை ஈர்த்தது. 1952 நவம்பர் 25 அன்று லண்டனில் தொடங்கிய கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' 2020 மார்ச்சில் கொரோனாவால் நிற்கும்வரை ஓடியது. மறு ஆண்டே மீண்டும் திறந்தது. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது அந்த நாடகத்தின் மரபு. அந்த மரபின் மேல்தான் டாம் ஸ்டாப்பர்ட் 1968இல் கை வைத்தார். அவருடைய 'தி ரியல் இன்ஸ்பெக்டர் ஹவுண்ட்' நாடகத்தில், தொலைபேசியை எடுக்கும் பணிப்பெண் இடம், பருவம், வீட்டின் நிலவரம் அனைத்தையும் அழைத்தவரிடம் ஒப்பிக்கிறாள். மேடைக்கு வெளியே அமர்ந்து விமர்சனக் குறிப்பெழுதும் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொலைக்குள் இழுக்கப்படுகிறார்கள். 2012இல் ஒரு சிறிய லண்டன் அரங்கில் தொடங்கிய 'தி ப்ளே தட் கோஸ் ராங்' புதிரைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஓர் அமெச்சூர் குழு மாளிகைக் கொலை நாடகம் போட, கதவு திறக்க மறுக்கிறது, பிணம் நகர்கிறது, சுவர் சரிகிறது. ரசிகர்களுக்கு வகையின் ஒவ்வொரு அசைவும் மனப்பாடம் என்பதால்தான் இந்தக் குளறுபடி எடுபடுகிறது. 2015இல் சிறந்த புதிய நகைச்சுவைக்கான ஒலிவியே விருதை அது பெற்றது.

பலகை விளையாட்டு இன்னொரு கிளை. போர்க்கால பர்மிங்காமில் ஆன்டனி பிராட் உருவாக்கிய 'க்ளூடோ', 1949இல் வாடிங்டன்ஸ் நிறுவனம் மூலம் கடைக்கு வந்தது. ஆறு சந்தேக நபர்கள், ஆறு ஆயுதங்கள், ஒன்பது அறைகள்: மொத்தம் 324 விடைகள். கொலைக்குக் காரணம் என்று ஒன்று விளையாட்டில் இல்லவே இல்லை. யாரும் அதைக் கேட்பதுமில்லை. ஜொனதன் லின் இதை 1985இல் 'க்ளூ' என்று படமாக்கியபோது மூன்று முடிவுகளை எடுத்து, அரங்குக்கு ஒன்றாகத் திரையிட்டார்கள். படம் தோற்றது. மூன்று முடிவுகளும் ஒன்றாக வீடியோவில் வந்தபின், பட்லராக நடித்த டிம் கரி மூச்சிரைக்க அறைக்கு அறை ஓடிக் கொலையை நடித்துக்காட்டும் காட்சிக்காகவே ஒரு ரசிகர் கூட்டம் சேர்ந்தது. அதற்கு முன்பே 1976இல் நீல் சைமன் எழுதிய 'மர்டர் பை டெத்' படம், புகழ்பெற்ற துப்பறிவாளர்களின் நகல்களை ஒரே மாளிகைக்கு விருந்துக்கு அழைத்தது. அதில் பீட்டர் செல்லர்ஸ் போட்ட சீன வேடம் இன்று கூச வைக்கிறது.

ராபர்ட் ஆல்ட்மனின் 'காஸ்ஃபோர்ட் பார்க்' (2001) சிரிப்பின் திசையைத் திருப்பியது. 1932இல் நடக்கும் இந்தக் கதையில், பணியாள் ஒருவர் இருந்தாலொழிய மாடியில் எந்தக் காட்சியும் இல்லை என்பது ஆல்ட்மன் தனக்கே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு. ஸ்டீபன் ஃப்ரை நடித்த இன்ஸ்பெக்டர் தடயங்களைத் தானே கலைக்கிறார். பணியாட்களை விசாரிப்பது வீண் என்று ஒதுக்குகிறார். வான் டைனின் விதியை ஒரு காவல் அதிகாரி அப்படியே பின்பற்றினால் என்னாகும் என்பதுதான் படத்தின் நகைச்சுவை. உண்மை முழுவதும் சமையற்கட்டிலும் துணி தேய்க்கும் அறையிலும் கிடக்கிறது.

ரியன் ஜான்சனின் 'நைவ்ஸ் அவுட்' (2019) மாளிகையை மாசசூசெட்ஸுக்குக் கொண்டுபோய், இறந்தவரையே மர்ம நாவலாசிரியர் ஆக்கியது. அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் மார்த்தாவுக்குப் பொய் சொன்னால் வாந்தி வரும். துப்பறியும் கதைக்கு இப்படியொரு சாட்சி அதுவரை வாய்த்ததில்லை. அவளைத் தங்கள் குடும்பத்தில் ஒருத்தி என்று வாய்நிறையச் சொல்லும் வாரிசுகள், அவள் எந்த நாட்டுக்காரி என்பதை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பேரன் பரம்பரை வீடு என்று மார்தட்டும்போது, துப்பறிவாளர் பென்வா பிளாங்க் சிரிக்கிறார்: அந்த வீடு 1980களில் பாகிஸ்தானிய நில வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்டது. 2022இல் வந்த அடுத்த படமான 'க்ளாஸ் ஆனியன்' மாளிகையைக் கைவிட்டு, கிரேக்கத் தீவில் ஒரு தொழில்நுட்பக் கோடீஸ்வரரின் கண்ணாடி மாடத்துக்கு நகர்ந்தது. அங்கே கொலை, வீட்டுக்காரரே விருந்தினருக்காக ஏற்பாடு செய்த வார இறுதி விளையாட்டாகத் தொடங்குகிறது.