14½ மணி நேர இருட்டுக்கு எந்த விளக்கு?

ஜூன் மாதத்தில் த பேசினில் மாலை ஐந்து மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். மறுநாள் ஏழரை மணிக்குத்தான் திரும்பும். மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் கிழக்கே டாண்டினாங் மலை நிற்பதால், விடியல் அடிவாரத்தைத் தொட அதற்கும் மேலே நேரம் பிடிக்கும். ஏறத்தாழ 14½ மணி நேர இருட்டு. 2021 ஜூன் 9 இரவில் அடித்த புயலில் இந்த மலைமேல் ஓங்கி வளர்ந்த யூகலிப்டஸ் மரங்கள் வேரோடு சாய்ந்து, சாலைகளையும் மின்கம்பிகளையும் வீடுகளையும் நொறுக்கின. ஒலிண்டா, கலிஸ்டா, கலோரமா பக்கம் சில வீடுகளுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2024 பிப்ரவரி 13 புயலில் விக்டோரியா மாநிலத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் ஒரே நாளில் அறுந்தன.

எனவே இங்கே நெற்றி விளக்கு என்பது மலையேறுபவர்களின் பொழுதுபோக்குச் சாமான் மட்டும் அல்ல. கட்டைக்கால்கள்மேல் நிற்கும் பழைய பலகை வீடுகளின் அடியில் தவழ்ந்து போகும் பிளம்பருக்கும், கூரைக்குள் ஏறும் எலெக்ட்ரீஷியனுக்கும், வேலைக்குப் போகும் முன் டூங்கல்லா காட்டுப் பாதையில் நாயோடு நடப்பவருக்கும், விழுந்த மரத்தை அறுக்கப் போகும் தன்னார்வலருக்கும் அது தேவை. இத்தனை பேருக்கும் பொருந்தும் ஒரு விளக்கு உண்டா? கிட்டத்தட்ட உண்டு என்றே சொல்வேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கடையில் அட்டைமேல் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை முதலில் மறக்கவேண்டும்.

அந்த எண் லூமென். 400, 600, 1400 என்று அது ஏறிக்கொண்டே போகிறது. நம் கண் இப்படி நேர்க்கணக்குப் போடுவதில்லை. வெளிச்சம் இரண்டு மடங்காகத் தோன்ற, உண்மையில் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளி வேண்டும். 300 லூமெனுக்கும் 600 லூமெனுக்கும் நடுவே பேட்டரி உணரும் வித்தியாசத்தைக் கண் அவ்வளவாக உணராது. அதைவிட முக்கியம், அந்த உச்ச வெளிச்சம் நிலைக்காது. 1000 லூமெனுக்குச் சுமார் 10 வாட் வேண்டும். கட்டைவிரல் அளவு உலோகத்துக்குள் அந்தச் சூடு அடங்காது. சில நிமிடங்களில் விளக்கே தன்னைத் தாழ்த்திக்கொள்ளும்.

அட்டையில் அடுத்து இருப்பது ஓடும் நேரம். பெரும்பாலான நல்ல நிறுவனங்கள் எஃப்எல்1 என்ற அமெரிக்கத் தர அளவீட்டைப் பின்பற்றுகின்றன. 2009-இல் வந்த இந்த அளவீடு, அதற்கு முன் ஆளாளுக்கு வாய்க்கு வந்ததை அச்சடித்த சந்தையில் ஓர் ஒழுங்கைக் கொண்டுவந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. விளக்கை ஏற்றி 30 விநாடி கழித்து இருந்த வெளிச்சம், பத்தில் ஒரு பங்காகச் சரியும் வரை கடந்த நேரம்தான் ‘ஓடும் நேரம்’. 400 லூமெனில் தொடங்கி அரை மணியில் 80-க்கு விழுந்து, பிறகு 40 வரை மெல்ல மெல்லத் தேய்ந்தாலும் அத்தனை மணியும் கணக்கில் சேரும். பைக் விற்பவர் உச்ச வேகத்தைச் சொல்லிவிட்டு, மைலேஜை மட்டும் மலையிறக்கத்தில் அளந்து காட்டுவது போல. தூரக் கணக்கும் அப்படித்தான். 100 மீட்டர் என்றால் அங்கே விழுவது 0.25 லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலவின் அளவு வெளிச்சம். அதில் பாதி தூரம்தான் காலை நம்பி வைக்க உதவும்.

அட்டையை விட்டுவிட்டு நாமே கணக்குப் போடலாம். இன்றைய நல்ல எல்இடி, சுற்றமைப்பின் இழப்பும் சேர்த்து, வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்யவும் காட்டுப் பாதையில் நடக்கவும் 100 லூமென் தாராளம். அப்படியென்றால் மணிக்கு ஒரு வாட்-மணி செலவு. இப்போது பேட்டரிகளை எடுத்துக்கொள்வோம். ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏஏ கட்டை மூன்று போட்டால் (1.2 வோல்ட், 800 மில்லி ஆம்பியர் மணி) மொத்தம் 2.9 வாட்-மணி. பெட்ஸ்ல் நிறுவனத்தின் ‘கோர்’ பேட்டரி 1250 மில்லி ஆம்பியர் மணி, அதாவது சுமார் 4.6. 18650 என்ற வகை ரீசார்ஜ் பேட்டரியில் நல்லது ஒன்று (3.6 வோல்ட், 3500) 12.6. முதலாவது மூன்று மணி நேரம் தாங்காது. இரண்டாவது நான்கரை. மூன்றாவது 12 மணி நேரத்துக்கு மேல். 60 லூமெனுக்குக் குறைத்துக்கொண்டால் அந்த 14½ மணி இருட்டையும் ஒற்றைப் பேட்டரி கடந்துவிடும். எடையில் பெரிய வித்தியாசமும் இல்லை. மூன்று ஏஏஏ சுமார் 36 கிராம், ஒரு 18650 சுமார் 47 கிராம். 11 கிராம் கூடுதலுக்கு நான்கு மடங்கு ஆற்றல்.

மூன்று கட்டை போடும் வழக்கம் எளிதில் போகாது. 2000-ஆம் ஆண்டு பெட்ஸ்ல் வெளியிட்ட டிக்கா என்ற சிறிய எல்இடி விளக்கு அதை உலகெங்கும் பரப்பியது. அதன் பக்கம் ஒரு வலுவான வாதமும் உண்டு. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது சார்ஜ் செய்யும் விளக்கு எதற்கு ஆகும்? ஏஏஏ என்றால் பெட்ரோல் பங்கிலும் கிடைக்கும். 2021-ஐப் பார்த்த மலைவாசியிடம் இதை லேசாக மறுத்துவிட முடியாது. ஆனால் காரில் யுஎஸ்பி இருக்கிறது, பவர் பேங்க் இருக்கிறது, இரண்டாவது 18650 ஒன்றைச் சார்ஜ் செய்து பெட்டியில் வைத்தால் இன்னொரு இரவு கையில் இருக்கிறது. மறுபக்கம், அவசரத்துக்கென்று ஆல்கலைன் கட்டைகளைப் போட்டு அலமாரியில் இரண்டு வருடம் விட்ட விளக்கைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெள்ளைப் பொடி பூத்து, உள்ளே தகடு அரித்துப் போயிருக்கும். குளிரில் ஆல்கலைன் வேகமாகச் சோர்ந்துவிடும் என்பது அடுத்த குறை. ஏஏஏ-தான் வேண்டும் என்பவர்கள் ரீசார்ஜ் செய்யாத லித்தியம் கட்டைகளை வாங்கி, விளக்குக்குள் போடாமல் பக்கத்தில் வைப்பது நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் கசிவு அரிது, குளிரும் தாங்கும்.

வேலைக்கு எப்படிப்பட்ட ஒளி வேண்டும் என்பதைக் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் பார்க்கலாம். விடியும் முன் குளிரில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால், வெட்டுபவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறார்கள். இரண்டு கையும் கத்திக்கும் சிரட்டைக்கும் வேண்டும். பட்டையில் கத்தி இறங்கும் ஆழம் தெரிய வேண்டும், காலடியில் பாம்பு கிடந்தால் அதுவும் தெரிய வேண்டும். நூறு மீட்டர் பாயும் கற்றை அவர்களுக்கு எதற்கு? அகலமாக, கண் கூசாமல், கடைசி மரம் வரை ஒரே சீராக எரிவதுதான் வேண்டும். பேசினில் வீட்டுக்கடியில் குழாய் மாட்டுபவருக்கும் இதே தேவைதான்.

அந்த ‘ஒரே சீராக’ என்பதற்குள்தான் தரம் ஒளிந்திருக்கிறது. மலிவான விளக்கில் பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் இறங்கும். மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று உள்ள விளக்கு, பேட்டரி தீரும் நேரம் வரை அதே வெளிச்சத்தைத் தாங்கிப் பிடிக்கும். நேரம் போகப்போக வெளிச்சம் எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தைச் சில நிறுவனங்கள் கையேட்டிலேயே தருகின்றன. தராத நிறுவனத்தின் மௌனத்தையும் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நிறமும் கவனிக்க வேண்டியது. ஆஸ்திரேலியச் சுவருக்குள் போகும் கம்பியில் மின்சாரம் வருவது சிவப்பு. சாதனங்களின் வயரில் அது பழுப்பு. நீலம் பாய்ந்த மலிவு எல்இடியில் அழுக்கேறிய சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும். நிறங்காட்டும் குறியீடு 90-க்கு மேலுள்ள எல்இடி லூமெனில் கொஞ்சம் இழக்கும். எலெக்ட்ரீஷியன் அந்த இழப்பைத் தயங்காமல் ஏற்கலாம். எரிவாயு கசியக்கூடிய இடத்தில் வேலை என்றால் பேச்சே வேறு. அங்கே வெடிப்புச் சூழலுக்கென்று சான்று பெற்ற விளக்கு மட்டுமே. இந்தக் கட்டுரையில் பேசும் எதுவும் அதற்கு ஆகாது.

உறுதிக்கு வருவோம். எஃப்எல்1 சோதனையில் குறைந்தது ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்ட் தரையில் போடுவார்கள். ஏணியில் நிற்பவர் தலை அதைவிட உயரம். இரண்டு மீட்டர் கேளுங்கள். ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிக்கும் நீருக்கு மட்டும் உத்தரவாதம். டாண்டினாங் மழைக்கு ஐபிஎக்ஸ்7 அல்லது 8 நிம்மதி. பையில் தானாக எரிந்து பேட்டரி தீராமலிருக்கப் பூட்டும் வசதி இருக்கவேண்டும்.

இந்த அளவுகோலில் நான்கை நிறுத்திப் பார்க்கிறேன். பெட்ஸ்ல் ஆக்டிக் கோர், தன் பேட்டரியிலும் மூன்று ஏஏஏ-யிலும் ஓடும். யோசனை அருமை, தலையில் லேசு. ஆனால் ஐபிஎக்ஸ்4 தான், ஆற்றலும் குறைவு. பிளாக் டைமண்ட் ஸ்பாட் 400 ஐபிஎக்ஸ்8 தாங்கும். ஆனால் ரீசார்ஜ் ஏஏஏ மூன்று போட்டால் அதன் ஆற்றல் 2.9 வாட்-மணிதான். நைட்கோர் என்யு25 ஓட்டக்காரருக்குப் பிடிக்கும். உள்ளேயே பதித்த பேட்டரி என்பதால் அது கிழடானால் விளக்கும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. நீடித்து உழைப்பதைப் பற்றிய மதிப்பீட்டில் இதை மன்னிக்க முடியாது. ஃபீனிக்ஸ் எச்எம்65ஆர் மெக்னீசிய உடல், கழற்றக்கூடிய 18650, யுஎஸ்பி-சி, இரண்டு மீட்டர் வீழ்ச்சி, தூரத்துக்கும் பக்கத்துக்கும் தனித்தனி எல்இடி, தனித்தனி பொத்தான் என்று வருகிறது. அதன் 1400 லூமென் விளம்பரம் எனக்குத் தேவையில்லாதது. நெற்றியில் முன்கனம் உறுத்தும், விலையும் கடிக்கும்.

18650-க்கும் சில எச்சரிக்கைகள் உண்டு. 9900 என்று அச்சிட்ட பேட்டரி பொய். நல்லதென்றால் 3500-ஐ ஒட்டியே இருக்கும். உறையில்லாமல் சாவியோடு பாக்கெட்டில் போட்டால் தீப்பிடிக்கலாம். விமானத்தில் உதிரிப் பேட்டரி கைப்பையில் மட்டுமே. பாதுகாப்புச் சுற்று வைத்தவை சற்று நீளம், எல்லா விளக்கிலும் நுழையாது. அதனால் விளக்கோடு சேர்த்தே உதிரியையும் வாங்கிப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மலைமேல் மூடுபனி இறங்கினால் எந்த விளக்கும் நெற்றியில் இருக்கும்வரை உதவாது. ஒளி பனியில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வெள்ளைச் சுவராக நிற்கும். கழற்றி இடுப்பளவில் கையில் பிடித்து, வெளிச்சத்தையும் குறையுங்கள். எளிதில் கழலும் பட்டைக்கும் அளவுகோலில் இடம் கொடுப்பது இதனால்தான்.

என் தீர்ப்பு இது. வேலைக்கும் காட்டுக்கும் ஒரே விளக்கு வாங்குவதானால், கழற்றக்கூடிய 18650, சீரான மின்னோட்டச் சுற்று, ஐபிஎக்ஸ்7-க்குக் குறையாத காப்பு உள்ள விளக்கை வாங்குங்கள். பெயர் சொல்லச் சொன்னால் எச்எம்65ஆர், கூடவே உதிரிப் பேட்டரி ஒன்று. மாதம் ஒருமுறை நடப்பவருக்கும், மின்வெட்டுக்கென்று அலமாரியில் ஒன்று வைப்பவருக்கும் ஆக்டிக் கோர் போதும். பேட்டரி பதித்த விளக்கை, எவ்வளவு லேசாக இருந்தாலும், வேலைக்கு வாங்கவேண்டாம். உயிர்போன பேட்டரியை வீட்டுக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். விக்டோரியாவில் 2019 ஜூலை 1 முதல் மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்டத் தடை இருக்கிறது. பல கடைகளில் பி-சைக்கிள் சேகரிப்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.