காயலான் கடை டிஷ்ஷும் ட்ரோனும்

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையிலிருந்து பெரியபாளையம் சாலை பிரியும் புதுவாயலில், ட்ரோனுக்கு ஒரு பரவளைய ஆண்டெனா செய்துபார்க்க நினைக்கும் மாணவருக்குப் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஊரிலேயே பொறியியல் கல்லூரி இருக்கிறது. அடுத்துள்ள கவரைப்பேட்டையிலும் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் போனால் தகடும் குழாயும் வெட்டித்தரும் பட்டறைகள். மொட்டைமாடிகளில் பயன்பாட்டிலிருந்து கழன்ற டி.டி.எச். டிஷ்கள் காயலான் கடைக்குப் போகக் காத்திருக்கின்றன. செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். செய்தது ட்ரோனுக்கு எவ்வளவு உதவும் என்பதைத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அதன் பலம். ட்ரோன் அனுப்பும் வீடியோ பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. அலைநீளம் ஐந்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 60 செ.மீ. விட்டமுள்ள டிஷ், பாதித் திறனோடு வேலை செய்தாலே 28 டெசிபல் ஆதாயம் தரும். ரிசீவரோடு வரும் குச்சி ஆண்டெனா தருவது இரண்டு டெசிபல். இடையிலுள்ள 26 டெசிபல், தடையில்லாத வெளியில் தூரத்தை 20 மடங்காக்கும். கூடுதல் மின்சாரம் வேண்டாம், ட்ரோனில் ஒரு கிராம் எடையும் ஏறாது.

தூரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. தொழிற்சாலைகளும் விடுதிகளும் நெருங்கிய இந்த வட்டாரத்தில் வைஃபை சிக்னல்கள் காற்றில் மொய்க்கின்றன. தகரக் கொட்டகைகளில் பட்டுத் திரும்பும் அலைகள் படத்தைக் கிழிக்கின்றன. டிஷ் தன் முன்னால் இருப்பதை மட்டும் வாங்கிக்கொண்டு, பக்கவாட்டில் வரும் இரைச்சலைப் பெருமளவு ஒதுக்கிவிடும். தொழிற்பேட்டைக்கு நடுவே பறக்கவிடுபவருக்குக் கிலோமீட்டர் கணக்கைவிட இந்தத் தெளிவுதான் உதவும்.

பிரதிபலிப்பானையே கையால் செய்வது வேறு சங்கதி. கம்பியிலும் வலையிலும் பரவளையம் கட்டலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய சான்று உண்டு. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஊட்டி மலைச்சரிவில் எழுந்து 1970-இல் இயங்கத் தொடங்கிய ரேடியோ தொலைநோக்கியின் பரப்பு 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அதில் தகடே இல்லை; 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள்தான். அது கேட்கும் அலையின் நீளம் ஏறக்குறைய 92 செ.மீ. என்பதால் கம்பிகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் இடைவெளி இருந்தும் கெடவில்லை. ஐந்து செ.மீ. அலை அப்படி விட்டுக்கொடுக்காது. பரப்பு சராசரியாக 3 மி.மீ. பிசகினாலே ஆதாயத்தில் சுமார் 40 சதவீதம் போய்விடும். குடைக்குள் அலுமினிய ஃபாயில் ஒட்டுவதும், வாணலியைக் கவிழ்த்துக் கட்டுவதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓரளவு ஈடுகொடுக்கும், 5.8-இல் ஏமாற்றும். டி.டி.எச். டிஷ்ஷோ 12 கிகாஹெர்ட்ஸ் அலைக்காகவே அச்சில் அழுத்தி எடுத்தது. அதை அப்படியே எடுத்துக்கொண்டு, கைவேலையைக் குவியத்தில் நின்று அலையை வாங்கும் ஃபீடில் காட்டுவதே புத்திசாலித்தனம்.

அந்த டிஷ்ஷிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது ஆஃப்செட் வகை; குவியம் நடுவில் இல்லை, கீழே தள்ளி இருக்கும். செங்குத்தாக நிறுத்தினால் நேரே பார்ப்பதுபோலத் தோன்றும், ஆனால் உண்மையில் இருபது டிகிரிக்கும் மேலாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏரிக்கு மேலே தாழப் பறக்கும் ட்ரோனைப் பிடிக்க அதன் முகத்தைத் தரையை நோக்கிச் சாய்க்க வேண்டும். இது தெரியாமல் ஆண்டெனாவையே குறை சொல்லிவிட்டுக் கைவிடுவது எளிது. ட்ரோனில் வட்டத் துருவமுள்ள ஆண்டெனா இருந்தால் இன்னொரு கண்ணி. டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது வலச்சுழல் அலை இடச்சுழலாகிவிடும். ட்ரோனில் வலது என்றால் ஃபீடில் இடது இருக்க வேண்டும். இரண்டிலும் ஒரே சுழலைப் பூட்டினால், கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். கேபிளும் அப்படித்தான். மலிவான ஆர்.ஜி.-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே மீட்டருக்கு ஒரு டெசிபல் தின்னும், 5.8-இல் இன்னும் அதிகம். ரிசீவரை ஃபீடுக்குப் பின்னாலேயே கட்டிவிட்டு, கீழே படத்துக்கான வயரை மட்டும் இறக்குவது நல்லது.

இதெல்லாம் சரியாக அமைந்தாலும் பெரிய குறை தீராது, ஏனென்றால் அது டிஷ்ஷின் இயல்பிலேயே இருக்கிறது. ஆதாயம் கூடக்கூடப் பார்வை குறுகும். 60 செ.மீ. டிஷ்ஷின் கற்றை 5.8-இல் சுமார் 6 டிகிரிதான். ஒரு கிலோமீட்டர் தள்ளி அது 100 மீட்டர் அகலம். ட்ரோன் சாவகாசமாகப் பறக்கலாம். 100 மீட்டர் தொலைவில் பத்தே மீட்டர்! விநாடிக்குப் பத்து மீட்டர் போகும் ட்ரோன் குறுக்கே வந்தால் ஒரே விநாடியில் கடந்துவிடும். பழவேற்காட்டுப் பக்கமிருந்து மதியத்துக்கு மேல் வீசும் கடற்காற்று டிஷ்ஷை ஆட்டினால் சொல்லவே வேண்டாம். மாணவர்கள் பறக்கவிடுவது பெரும்பாலும் இந்தக் கிட்டத்துத் தூரத்தில்தான். ஆகவே டிஷ்ஷைத் தனியாக நம்பக் கூடாது. இரட்டை ரிசீவரில் ஒரு பக்கம் டிஷ்ஷும் மறுபக்கம் சாதாரண ஆண்டெனாவும் இருக்கட்டும். நல்ல சிக்னல் எதுவோ அதை ரிசீவரே எடுத்துக்கொள்ளும்.

பறக்கவிடுவதற்குச் சட்டமும் வேலி போட்டிருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்கவிடலாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் இடத்தைப் பார்த்துக்கொள்வது பறக்கவிடுபவரின் பொறுப்பு. சின்ன ட்ரோன் சில நூறு மீட்டரிலேயே கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதற்கப்பால் அனுப்புவதற்காகவே டிஷ் செய்கிறவர், கீழே நடமாடும் மனிதர்களைக் கணக்கில் எடுக்காதவர்.

இதைவிடப் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. டிஷ்ஷைச் சிக்னல் பெறுவதற்கு மட்டும் வைத்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அதே டிஷ்ஷில் கட்டுப்பாட்டு சிக்னலை அனுப்பினால் கதையே வேறு. உரிமம் இல்லாமல் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு திசையில் வீசக்கூடிய திறன், ஆண்டெனா ஆதாயத்தையும் சேர்த்து, 4 வாட். நூறு மில்லிவாட் ரிமோட்டை 20 டெசிபல் டிஷ்ஷோடு இணைத்தால் அது 10 வாட் ஆகிவிடும். பக்கத்து ஆலையின் வயர்லெஸ் கருவிகளுக்கு அது இடைஞ்சல். அதோடு கற்றை விலகும் நொடியில் ட்ரோன் கட்டுப்பாட்டையே இழக்கும். படம் போனால் இறக்கிவிடலாம், கட்டுப்பாடு போனால் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அதனால் டிஷ் வீடியோவைப் பெறுவதோடு நிற்கட்டும். ரிமோட்டில் கம்பெனி கொடுத்த ஆண்டெனாவே இருக்கட்டும்.